கம்பத்தில் காணாமல் போன கம்பம்

அத்தியாயம் 4

"கம்பத்துல ஒரு கம்பத்தைக் காணோமாம்க்கா. உடனே வரச் சொல்றாக" என்றான் நவாஸ்.

நாகஜோதி டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "கரண்டுக் கம்பமா, கொடிக் கம்பமா?"

"கம்ப்யூட்டர் கம்பம்."

"டீ குடிக்கும்போதே ஆரம்பிச்சுட்டியா?"

"சத்தியமா அப்படித்தான் சொன்னாக. போன்ல அழுதது மிஸ்பா. திராட்சை சங்கத்துல கம்ப்யூட்டர் பார்க்குதே, அந்தப் பொண்ணு."

நாகஜோதி பத்து வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவள். செத்துப்போனதாகப் பணம் கேட்கப்பட்ட ஒரு பசுமாடு சந்தையில் புல் தின்றுகொண்டிருப்பதை அவள் கண்டுபிடிக்க, பாராட்டுப் பத்திரம் மேனேஜருக்குப் போனது. மறுநாளே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, கம்பம் மெயின் ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் துப்பறியும் நிறுவனம் திறந்தாள். நவாஸ் அதுவரை குமுளி ரூட்டில் ஜீப் ஓட்டியவன். அவன் பேச்சுக்குப் பயந்து பயணிகள் அடுத்த ஜீப்பில் ஏற ஆரம்பித்ததால், அந்தப் பேச்சைக் கேட்கச் சம்பளம் கொடுக்கும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்தான்.

ஜீப் சுருளி ரோட்டில் சங்கக் கட்டடத்துக்கு முன்னால் நின்றபோது மணி பன்னிரண்டரை. வாசலில் கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் பெட்டி மேல் மிஸ்பா உட்கார்ந்திருந்தாள். இருபத்து நாலு வயது. அழுது முடித்துக் கோபத்துக்கு வந்திருந்தாள்.

"அக்கா, என்னைய உள்ளயே விட மாட்டேங்கிறாக. சாவியைப் பிடுங்கிட்டாக."

"முதல்ல இருந்து சொல்லு."

"நாப்பத்து மூணு தோட்டத்துப் பழத்தையும் சாறெடுத்து, எவ்வளவு இனிப்புன்னு அளந்தாக. பெரியகுளத்துல இருந்து ஆபீசர் வந்தாக. பதினாலுக்கும் பதினஞ்சுக்கும் நடுவுல எத்தனை தோட்டம், பதினஞ்சுக்கும் பதினாறுக்கும் நடுவுல எத்தனை தோட்டம்னு வரிசையா ஏழு கட்டை நிக்கிற மாதிரி நான் புரோகிராம் எழுதுனேன். எத்தனை தோட்டமோ அத்தனை உசரம். ஹிஸ்டோகிராம்னு பேரு. யார் வாயிலயும் நுழையல. கம்பம்னே ஆக்கிட்டாக."

"நல்லவேளை. தேனியில எழுதியிருந்தா தேனின்னு ஆக்கியிருப்பாக" என்றான் நவாஸ்.

"காலையில ஒத்திகை போட்டுப் பார்த்தா ரெண்டாவது கம்பத்தைக் காணோம் அண்ணே! அது முழுக்கச் சுருளிப்பட்டிக்காரக தோட்டம்னு போன வாரமே அவுகளே சொன்னாக. கம்பத்துப் புள்ள வேணும்னே எங்க ஊரை மறைச்சுருச்சுன்னு முத்துக்கருப்பன் மாமா சத்தம் போட்டாக. நாலு மணிக்குக் கோட்டயத்து யாவாரிக வாராக. அதுக்குள்ள நியாயம் கிடைக்கலைன்னா பெட்டியெல்லாம் தூக்கிட்டுப் போயிருவோம், தனிச் சங்கம் வைப்போம்னு நிக்கிறாக. தலைவர் என்னைய வேலையை விட்டு எடுத்துட்டாக. நான் வீட்டுல நடத்துற கம்ப்யூட்டர் கிளாசுக்கு இனி யாரு பிள்ளைய அனுப்புவா? எங்க அத்தா அம்மாவுக்கு இன்னும் தெரியாது."

"யார் தோட்டத்துக்கு என்ன அளவுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. மானப் பிரச்சினை வந்துரும்னு பேரே எழுதலை. அளவு எழுதின சீட்டை அவுக அவுக கையில குடுத்துட்டு, எனக்கு வெறும் நம்பரை மட்டும் குடுத்தாக."

முற்றத்துத் தகரக் கொட்டகைக்குக் கீழே சுருளிப்பட்டிக்காரர்கள் கருப்புத் திராட்சைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நின்ற முத்துக்கருப்பனுக்கு ஐம்பது வயது, அதில் பாதி வயதுக்கான தொண்டை. "ஒம்பது பேரு! ஒம்பது தோட்டம்! ராவோட ராவா ஒரு ஊரையே அழிச்சுட்டாகளே!" என்று அவர் இரண்டு கைகளையும் தூக்க, பின்னால் நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள்.

சங்கத் தலைவர் பொன்னுராஜ் சாவிக் கொத்தோடு வந்தார். "நீங்க போய்ப் பாருங்கம்மா. ஆனா அந்தப் பொண்ணு மிஷின் பக்கம் வரக் கூடாது."

"வர மாட்டா. ஜன்னலுக்கு வெளியே நிக்கட்டும்."

அறைக்குள் வாடகைக்கு எடுத்த புரொஜக்டர், எதிர்ச் சுவரில் கட்டிய எட்டு முழ வேட்டியில் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. கம்பங்கள் நீல நிறம். நடுவில் எல்லாவற்றையும்விட உயரமான நாலாவது இடத்துக் கம்பம் மட்டும் ரோஸ். இடது ஓரத்தில் ஒரு குட்டைக் கம்பம், ஒரே ஒரு தோட்டத்து உயரத்தில், தனியாக நின்றது. அதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு மூன்றாவது கம்பம்.

"பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு" என்றான் நவாஸ்.

நாகஜோதி வேட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். படத்தின் குறுக்கே, ஒரு தோட்டத்துக்கு ஒரு கோடு என்று, மெல்லிய சாம்பல் கோடுகள் இடமிருந்து வலமாக ஓடின. அவள் ஒரு கோட்டின் மேல் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே வந்தாள். காலி இடத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

"நவாஸ், இங்கன கோடு எங்க போச்சு?"

அவன் குனிந்து பார்த்தான். கோடு காலி இடத்தில் அறுந்து, அந்தப் பக்கம் மறுபடி தொடங்கியது. அதற்கு மேலே இருந்த கோடும் அப்படியே. உயரத்தில் இருந்த கோடுகள் மட்டும் அறுபடாமல் போயின.

"கம்பம் இல்லைன்னா பின்னால இருக்கிற கோடு தெரியணும். தெரியலை. அப்ப முன்னால ஏதோ நிக்குது." அறுந்த கோடுகளை ஒரு முறை மனசுக்குள் எண்ணிக்கொண்டாள். "கம்பத்தை யாரும் தூக்கிட்டுப் போகலை தலைவரே. வெள்ளையடிச்சிருக்காக. வெள்ளை வேட்டியில வெள்ளைக் கம்பம்."

பொன்னுராஜ் வேட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

"மிஸ்பா, ஒரு கம்பத்துக்கு மட்டும் தனி நிறம் குடுக்கிறது எங்க எழுதியிருக்கு?"

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மிஸ்பா வெளியிலிருந்து வழி சொல்ல, நவாஸ் ஒற்றை விரலால் தட்டினான். மூன்று தடவை கம்ப்யூட்டரில் தப்பான பக்கம் திறந்தது, அதில் ஒரு தடவை சீட்டாட்டம். நாலாவது தடவை புரோகிராம் வந்தது. நிறம் சொல்லும் இடத்தில் அடுத்தடுத்து இரண்டு வரிகள். மூணாம் எண் கம்பம் என்றால் ரோஸ். ஒன்றாம் எண் கம்பம் என்றால் வெள்ளை.

நவாஸ் சத்தமாகப் படித்ததும் மிஸ்பா கம்பியை உலுக்கினாள். "ரோஸ் நான் எழுதுனது. வெள்ளை நான் எழுதலை! யாரோ என் வரியைக் காப்பியடிச்சு நம்பரையும் கலரையும் மாத்தியிருக்காக!"

"இதை எப்படி மாத்துறதுன்னு யாருக்குத் தெரியும்?"

"போன வாரம் எல்லாரும் பார்த்தாகளே. அந்த ஒண்ணை மட்டும் எப்படித் தாயி ரோஸாக்குனன்னு சுத்தி நின்னு கேட்டாக. காட்டுனேன். வெள்ளைன்னு போட்டா கண்ணுக்கே தெரியாதுன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னேன்."

"ரோஸ் எதுக்கு?"

பொன்னுராஜ் தொண்டையைச் செருமினார். "நான்தான் போடச் சொன்னேன். என் தோட்டம் அதுல இருக்கு." சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துக் காட்டினார். பதினேழு புள்ளி நாலு.

நாகஜோதி படத்தைப் பார்த்தாள், பிறகு வரியைப் பார்த்தாள். "ரோஸ் கம்பம் நாலாவதா நிக்குது. நீ ஏன் மூணுன்னு எழுதியிருக்க?"

"மிஷின் பூஜ்யத்துல இருந்துதான் எண்ணும்க்கா. முதல் கம்பம் பூஜ்யம், ரெண்டாவது ஒண்ணு."

"நம்ம ஆபீஸ் மாதிரி" என்றான் நவாஸ். "பேக்கரி கிரவுண்ட் ஃப்ளோர், நாம ஃபர்ஸ்ட் ஃப்ளோர். ஆனா ரெண்டாவதா இருக்கிறது நாம."

நாகஜோதியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அப்ப பூஜ்யம் விஷயம் தெரியாத ஒரு ஆள், முதல் கம்பத்தை மறைக்க நினைச்சு ஒண்ணுன்னு போட்டிருக்கான். மறைஞ்சது ரெண்டாவது. அவன் மறைக்க நினைச்சது அந்தக் குட்டைக் கம்பத்தை! மிஸ்பா எழுதியிருந்தா இந்தத் தப்பு வந்திருக்காது."

"கொள்ளாம்!" என்று நவாஸ் மலையாளத்தில் கை தட்டினான்.

பொன்னுராஜ் தட்டவில்லை. "இருங்கம்மா. சுருளிப்பட்டியை மறைக்கணும்னு நினைச்சா அந்தப் பொண்ணு என்ன நம்பர் போட்டிருக்கும்?"

நவாஸின் கைகள் நடு வழியில் நின்றன.

"ஒண்ணு" என்றாள் நாகஜோதி மெதுவாக.

"அதான் போட்டிருக்கு. ரொம்பச் சரியாப் போட்டிருக்கு."

ஜன்னலில் மிஸ்பாவின் முகம் வெளுத்தது. நாகஜோதி மறுபடி அந்த வரியைப் பார்த்தாள். சங்கத் தலைவர் இவ்வளவு நல்ல கேள்வி கேட்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. மிஸ்பாவை மாட்டிவிடும் அதே எண்தான் அவளைக் காப்பாற்றவும் வேண்டும்.

"குட்டைக் கம்பத்துல இருக்கிற அந்த ஒத்தைத் தோட்டம் யாரோடதுன்னு தெரிஞ்சா முடிஞ்சது" என்றாள்.

"எல்லார் சீட்டையும் வாங்கிப் பார்த்துருவோம்" என்றான் நவாஸ்.

"கேட்டவுடனே நாப்பத்து மூணு சீட்டும் தொலைஞ்சு போகும். நாட்டுலேயே புளிப்பான பழம் என்னுதுன்னு எவன் காட்டுவான்?" அவள் ஜன்னல் வழியாகத் தகரக் கொட்டகையைப் பார்த்தாள். முத்துக்கருப்பன் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு திரும்பினாள். "தலைவரே, நாலு மணிக் கூட்டத்துல எனக்கு அஞ்சு நிமிஷம் மைக் வேணும். சுருளிப்பட்டிக்காரக எல்லாரும் குடும்பத்தோட வரணும். நியாயம் மேடையிலேயே கிடைக்கும்னு சொல்லுங்க. ஒரு சால்வையும் வேணும். கொஞ்சம் பளபளன்னு."

"எதுக்கு?"

"பொய் சொல்லப் போறேன். பொய்க்கு ஜரிகை இருந்தா நல்லா இருக்கும்."

நாலு மணிக்கு ஹால் நிறைந்துவிட்டது. முன் வரிசையில் கோட்டயத்து வியாபாரிகள் ஐந்து பேர், வலது பக்கம் பெண்கள், இடது பக்கம் விவசாயிகள். முத்துக்கருப்பன் தன் ஆட்களோடு இரண்டாவது வரிசையில் கை கட்டி உட்கார்ந்திருந்தார். மிஸ்பாவுக்கு உள்ளே வர அனுமதி கிடைத்திருந்தது, கம்ப்யூட்டரிலிருந்து பத்தடி தள்ளி. கம்ப்யூட்டர் முன்னால் நவாஸ், விரலை ஊதிக்கொண்டு.

நாகஜோதி மைக்கைப் பிடித்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். ஒரு சந்தோஷமான சேதி. ஒரு வினிகர் கம்பெனி நம்ம பள்ளத்தாக்குல புளிப்பான திராட்சை தேடிக்கிட்டிருக்கு. எவ்வளவு புளிப்போ அவ்வளவு மரியாதை. இந்தப் படத்துல முதல் கம்பத்துல நிக்கிற ஒத்தைத் தோட்டம்தான் அவுகளுக்கு வேணும். அந்தத் தோட்டக்காரருக்கு இந்த மேடையில சால்வை, போட்டோ, அந்தக் கம்பத்துக்குத் தங்க நிறம்!"

நவாஸ் சால்வையை விரித்துக் காட்டினான். ஜரிகை மின்னியது.

யாரும் எழவில்லை. பொன்னுராஜ் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாவது வரிசையில் முத்துக்கருப்பன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். பாதி எழுந்தார், வேட்டியைச் சரிசெய்கிற மாதிரி மறுபடி உட்கார்ந்தார்.

"யாரும் இல்லையா?" என்றாள் நாகஜோதி. "அப்ப சால்வையைத் தலைவருக்கே..."

"இந்தாங்க, ஏங்க!" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் ஹாலைப் பிளந்தது. எழுந்து நின்றது முத்துக்கருப்பனின் மனைவி மலையம்மாள். "அது நம்ம தோட்டந்தானே? பதினாலு புள்ளி ரெண்டுன்னு அரிசிப் பானைக்குள்ள சீட்டை ஒளிச்சு வச்சீகளே! எந்திரிங்க! வேற எவனாச்சும் வாங்கிட்டுப் போயிறப் போறான்!"

ஹாலே இரண்டாவது வரிசைப் பக்கம் திரும்பியது.

முத்துக்கருப்பன் எழவில்லை. அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து, அவரைப் பார்ப்பதற்காகத் தள்ளி நின்றார்கள்.

"நவாஸ், அந்த வெள்ளை வரியை எடு" என்றாள் நாகஜோதி.

அவன் தட்டினான். வேட்டியில் இரண்டாவது கம்பம் நீலமாக எழுந்தது.

"தலைவரே, எத்தனை உசரம்?"

பொன்னுராஜ் கோடுகளை எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார். "எட்டு."

"காலையில இருந்து எத்தனை பேர் நியாயம் கேட்டாக?"

"ஒம்பது."

"மதியம் அறுந்த கோட்டை எண்ணும்போதே எட்டுதான் இருந்துச்சு. கம்பத்துல எட்டுத் தோட்டம், கொட்டகையில ஒன்பது ஆளு. ஒருத்தர் இந்தக் கம்பத்துக்காரரே இல்லை. தன் கம்பத்தை மறைக்கப் போயி ஊர்க் கம்பத்தை மறைச்சுட்டு, அந்த ஊருக்கே முன்னால நின்னு கத்திக்கிட்டிருக்கார். அது ஒன்பது பேருல யாருன்னு மதியம் எனக்கு உறுதியாத் தெரியாது. அதுக்குத்தான் சால்வை."

"அப்ப வினிகர் கம்பெனி?" என்றாள் மலையம்மாள்.

"அதுவும் காணாமப் போச்சுக்கா" என்றான் நவாஸ்.

மலையம்மாள் அப்படியே உட்கார்ந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

முத்துக்கருப்பன் கடைசியில் எழுந்தபோது அவருடைய குரலைக் கேட்கக் காதைத் தீட்ட வேண்டியிருந்தது. "எல்லாருக்கும் முன்னால என் பெட்டிதான் வந்து இறங்கணும்னு பத்து நாள் முந்தியே வெட்டிட்டேன். பழுக்கல. இந்தா நிக்கிறாகளே, எட்டுப் பேருக்கும் எப்ப வெட்டணும், எப்படி வெட்டணும்னு இருபது வருசமாப் பாடம் எடுத்தவன் நான். எப்படிச் சொல்லுவேன்? நேத்து எல்லாரும் சாப்பிடப் போனப்ப ஒண்ணுன்னு போட்டேன். வெள்ளைன்னு போட்டேன். காலையில பார்த்தா என் கம்பம் நட்டநடுத் தெருவுல நிக்கிற மாதிரி நிக்குது, ஊரைக் காணோம். பயத்துல கத்த ஆரம்பிச்சேன். நிறுத்தத் தெரியலை."

அவர் மிஸ்பாவின் பக்கம் திரும்பினார். "உன்னைய மாட்டிவிடணும்னு நினைக்கல தாயி."

"நினைக்கல மாமா" என்றாள் மிஸ்பா. "ஆனா காலையில இருந்து என் பேரைச் சொல்லித்தானே கத்துனீக? ஒரு தடவைகூட நிறுத்தலையே. நான் வெயில்ல பெட்டி மேல உக்காந்திருந்ததைப் பார்த்துக்கிட்டேதானே கத்துனீக?"

அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

பொன்னுராஜ் மேடையேறி, மைக்கில், எல்லாருக்கும் கேட்கும்படி மிஸ்பாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சாவிக் கொத்தை நீட்டினார். அவள் உடனே வாங்கவில்லை. "நாளையில இருந்து நான் இல்லாதப்ப ரூமைப் பூட்டணும். சாவி என்கிட்ட மட்டும் இருக்கணும்" என்றாள். அவர் சரி என்றதும் வாங்கிக்கொண்டாள்.

சுருளிப்பட்டிக்காரர் ஒருவர் வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்ப்பா, இந்தப் பக்கம் இருந்து எண்ணுனா, புளிப்புல நாம ரெண்டாவதா?"

எட்டுப் பேரும் எண்ணிப் பார்த்தார்கள்.

"இதுக்கா காலையில இருந்து சண்டை போட்டோம்? மறைஞ்சே கிடந்திருக்கலாமே!"

கோட்டயத்து வியாபாரிகளில் மூத்தவர் வயிறு குலுங்கச் சிரித்தார். புளிப்பைக்கூட இப்படிப் படம் போட்டுக் காட்டுகிற சங்கத்தை நான் பார்த்ததே இல்லை, எந்தக் கம்பத்துப் பழம் எதுவென்று பார்த்தே வாங்கிக்கொள்கிறேன் என்று பாதி மலையாளத்தில் சொன்னார். சுருளிப்பட்டிக்காரர்கள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே பெட்டிகளைக் கொட்டகையிலிருந்து தூக்கி வந்தார்கள்.

அதன் பிறகுதான் உண்மையான தொல்லை ஆரம்பித்தது. தலைவர் கம்பம் மட்டும் ஏன் ரோஸ் என்று ஒருவர் கேட்க, கம்ப்யூட்டர் முன்னால் வரிசை நின்றது. மூன்றாவது கம்பத்துக்காரர்கள் மயில் கழுத்து நிறம் கேட்டார்கள். ஐந்தாவது கம்பத்துக்காரர்களில் பாதிப் பேர் மஞ்சள், பாதிப் பேர் ஆரஞ்சு. ஒரு கம்பத்தை இரண்டாகப் பிரித்து அடிக்க முடியாது என்று மிஸ்பா எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. ஒவ்வொரு கம்பத்துக்கும் ஒரு வரி, ஒரு எண், ஒரு நிறம் என்று அவள் எழுதிக்கொண்டே போனாள். வேட்டியில் படம் பொங்கல் கோலம் மாதிரி ஆகிக்கொண்டிருந்தது.

"இதுக்கு நீலமே இருந்திருக்கலாம்க்கா" என்றான் நவாஸ்.

"உனக்கு ஒரு கம்பம் இருந்தா என்ன கலர் கேட்டிருப்ப?"

"ஜீப் கலர்" என்றான் யோசிக்காமல்.

வரிசையின் கடைசியில் முத்துக்கருப்பன் வந்து நின்றார். இரண்டடி பின்னால் மலையம்மாள்.

மிஸ்பா தலையைத் தூக்கவில்லை. கொஞ்ச நேரம் அவர் நிற்கட்டும் என்று விட்டாள். பிறகு, "உங்களுக்கு என்ன கலர் மாமா?" என்று கேட்டாள்.

அவர் வேட்டியில் தனியாக நின்ற அந்தக் குட்டைக் கம்பத்தைப் பார்த்தார்.

"பச்சை போடு தாயி. காய்ப் பச்சை."

மிஸ்பா பச்சைக்கான வரியை எழுதி, எண்ணை மட்டும் போடாமல், நாற்காலியை நகர்த்தி அவருக்கு இடம் விட்டாள். அவர் குனிந்து, பூஜ்யத்தைத் தேடிக் கண்டுபிடித்து, ஒரே ஒரு தடவை தட்டினார். குட்டைக் கம்பம் பச்சையானது. ஹாலில் யாரோ கை தட்ட, சுருளிப்பட்டிக்காரர்கள் எட்டுப் பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

மலையம்மாள் மட்டும் தட்டவில்லை. "பத்து நாள் பொறுத்திருந்தா கருப்பாவே போட்டிருக்கலாம்" என்றாள்.